உங்கள் நாற்காலியில் ஒரு பொத்தான் வேண்டும்

மூளைத் தூண்டல் சிகிச்சை மையங்களை நடத்தும் மருத்துவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். உங்கள் வரவேற்பறைகளில் அடுக்கி வைத்திருக்கும் வழவழப்பான கையேடுகளைப் பற்றி எழுதுகிறேன். டி.எம்.எஸ்., அதாவது தலைமேல் காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டும் சிகிச்சை, மனச்சோர்வு நோய்க்குக் கொடுக்கப்படுகிறது. என் தம்பிக்கே கொடுத்தார்கள். அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் சமீபமாகச் சில மையங்களின் விளம்பரங்களில் புதிதாக ஒரு விஷயம் சேர்ந்திருக்கிறது. நோய் இல்லாதவர்களும் வரலாமாம். வேலை நெருக்கடியோ தேர்வு நெருக்கடியோ, எதையும் தாங்கும் மீள்திறனை மூளையிலேயே உண்டாக்கித் தருவார்களாம். ஆதாரத்துக்குக் கூண்டில் ஓர் எலியின் படமும், ‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ பற்றி நாலு வரியும்.

நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. அந்த நாலு வரியை என் மாணவர் யாராவது விடைத்தாளில் எழுதியிருந்தால் பாதி மதிப்பெண்தான் போட்டிருப்பேன். விட்டுப்போன பாதியை இங்கே எழுதுகிறேன். உங்கள் சிகிச்சை அறையில் நீங்கள் செய்ய வேண்டிய ஒரு மாற்றமும் அந்தப் பாதியில்தான் இருக்கிறது.

1967-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள் நாய்களை ஜோடி சேர்த்து மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். ஜோடியில் ஒரு நாய், தலைக்குப் பக்கத்தில் இருந்த பலகையை முட்டி அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். இன்னொன்றுக்கும் அதே அதிர்ச்சி, அதே நேரம். ஆனால் அது என்ன செய்தாலும் பலனில்லை. கூட்டாளி பலகையை அழுத்தும்போதுதான் அதற்கும் நிற்கும். மறுநாள், நடுவில் தாழ்வான தடுப்பு வைத்த ஒரு பெட்டியில் இவற்றை விட்டார்கள். தடுப்பைத் தாண்டிக் குதித்தால் அதிர்ச்சியிலிருந்து தப்பிவிடலாம். பலகையை அழுத்தியிருந்த நாய்கள் தாண்டின. மற்ற கூட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, கொஞ்ச நேரம் ஓடிப் பார்த்துவிட்டு அப்படியே படுத்து முனகிக்கொண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொண்டன. என்ன செய்தாலும் பயனில்லை என்று கற்றுக்கொண்டதால் வந்த முடக்கம் என்று நினைத்து, அதற்குக் ‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ என்று பெயர் வைத்தார்கள். படிக்கும்போதே வயிற்றைப் பிசைகிற சோதனை.

கவனியுங்கள், இரண்டு கூட்டத்துக்கும் வலி ஒரே அளவுதான். அதை நிறுத்தும் வழி ஒன்றின் வசம் இருந்தது, மற்றதன் வசம் இல்லை. “தொடர்ந்து மன அழுத்தம் வந்தால் மூளை செயலிழந்துபோகும்” என்று உங்கள் கையேடு போட்டிருக்கிறதே, சோதனை அப்படிச் சொல்லவே இல்லை.

அந்த நாய்களைத் தேற்றிய விதமும் கையேட்டில் இல்லை. தடுப்பை எடுத்துப் பார்த்தார்கள், மறுபக்கம் நின்று கூப்பிட்டார்கள், இறைச்சித் துண்டைக் காட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கழுத்தில் வாரைக் கட்டி மறுபக்கத்துக்கு இழுத்தார்கள். ஒருமுறை இழுத்தால் போதவில்லை. திரும்பத் திரும்ப இழுக்க இழுக்க, வாரில் தேவைப்பட்ட பலம் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நாய் தானே எழுந்து போனது. தன் கால்கள் நகர்ந்தால் வலி நிற்கிறது என்பதை அது உடம்பால் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. முதலிலேயே தப்பிக்கக் கூடிய அதிர்ச்சியைச் சந்தித்திருந்த நாய்கள், பிறகு தப்பிக்க முடியாத அதிர்ச்சி வந்தபோதும் முடங்கவில்லை என்பதையும் அதே குழு கண்டது.

அப்புறம்தான் எலி வருகிறது. மையர் கொலராடோ பல்கலைக்கழகத்துக்குப் போய், மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தேடுவதில் பல பத்தாண்டுகளைச் செலவழித்தார். அவருடைய எலிக்கு முன்னால் ஒரு சிறு சக்கரம் இருக்கும். முன்னங்காலால் அதைச் சுழற்றினால் வாலில் விழும் அதிர்ச்சி நிற்கும். ஜோடி எலிக்கு முன்னாலும் சக்கரம் உண்டு, ஆனால் அதைச் சுழற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை. மூளைத்தண்டில் ‘டார்சல் ரஃபே’ என்ற நரம்பணுத் தொகுதி இருக்கிறது. செரோடோனின் என்ற நரம்பு வேதிப்பொருள் முக்கியமாக அங்கிருந்துதான் மூளையின் பல பகுதிகளுக்குப் போகிறது. சக்கரத்தால் பயனில்லாத எலியில் இந்தத் தொகுதி கட்டுக்கடங்காமல் கொந்தளித்தது. சக்கரத்தை ஆள முடிந்த எலியில் அடங்கியே இருந்தது. அடக்கியது எது? நெற்றிக்குப் பின்னால், இரு அரைக்கோளங்களும் சந்திக்கும் உட்பக்கத்தில் இருக்கும் முன்மூளைப் பகுதி.

2005-இல் மையரின் குழு அந்த முன்மூளைப் பகுதியை மருந்தால் சற்று நேரம் மயங்க வைத்துப் பார்த்தது. எலி வழக்கம்போலச் சக்கரத்தைச் சுழற்றியது, வழக்கம்போல அதிர்ச்சியை நிறுத்தியது. ஆனால் பிறகு சோதித்தபோது, எதையும் நிறுத்த முடியாத எலியைப் போலவே முடங்கிக் கிடந்தது. தப்பித்தது உண்மை, அது மூளையில் பதிவாகவில்லை. 2008-இல் இதையே திருப்பிப் போட்டார்கள். தப்பிக்க வழியே இல்லாத எலியில் அந்தப் பகுதியை மருந்தால் தூண்டினார்கள். அது முடங்கவில்லை.

இந்த இரண்டாவது சோதனைதான் உங்கள் தொழிலுக்கு மூலதனம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. மூளையில் சரியான இடத்தைத் தூண்டினால், கட்டுப்பாடு இல்லாத இடத்திலும் கட்டுப்பாடு இருந்ததன் பலன் கிடைக்கிறது. அபாரமான கண்டுபிடிப்பு. ஆனால் அந்த எலிக்கு அதிர்ச்சி தொடர்ந்து விழுந்துகொண்டேதான் இருந்தது. யாரும் மின்சாரத்தை நிறுத்தவில்லை.

ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து, 2016-இல், மையரும் செலிக்மனும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். தங்கள் பழைய கோட்பாடு தலைகீழாக இருந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். முடங்குவது யாரும் கற்றுக்கொள்வதல்ல. வேதனை நீண்டால் உயிரின் இயல்பான எதிர்வினையே அதுதான். கற்றுக்கொள்ள வேண்டியது, “என் செயலால் இது மாறும்” என்பதை. தன் பெயரை உலகறியச் செய்த கோட்பாட்டையே திருப்பி எழுத ஒரு தைரியம் வேண்டும். உங்கள் கையேடு மட்டும் இன்னும் 1967-லேயே நிற்கிறது.

எலியின் மூளையிலிருந்து உங்கள் காந்தச் சுருளுக்கு நேராகப் பாலம் போட்டுவிட முடியாது என்பது உங்களுக்குத் தெரியும், கையேட்டைப் படிக்கும் பெற்றோருக்குத் தெரியாது. வழக்கமான சுருளின் வீச்சு தலைத்தோலிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்தான். மனச்சோர்வுக்கு நீங்கள் தூண்டுவது இடது முன்மூளையின் வெளிப்பக்கம். மையர் தொட்ட இடமோ உள்ளே ஆழத்தில் இருக்கிறது. வெளிப்பக்கத்தைத் தட்டினால் இணைப்புகள் வழியாக உள்ளே போய்ச் சேரும் என்பதே கணக்கு. 2012-இல் ஸ்டான்ஃபோர்டில் கார்ல் டைசரோத்தின் ஆய்வகம் ஒளியைக் கொண்டு எலியின் நரம்புகளைப் பாதை பிரித்துத் தூண்டியது. முன்மூளையிலிருந்து டார்சல் ரஃபேவுக்குப் போகும் பாதையைத் தூண்டியபோது, தண்ணீரில் விட்ட எலி அதிகமாகப் போராடியது. அதே முன்மூளையிலிருந்து, மூளையின் ஆழத்தில் இருக்கும் ‘ஹபெனுலா’ என்ற சிறு பகுதிக்குப் போகும் பாதையைத் தூண்டியபோது போராட்டம் குறைந்தது. முன்மூளை அணுக்களை மொத்தமாகத் தூண்டியபோது குறிப்பிடும்படி எதுவும் மாறவில்லை. ஒரே இடத்திலிருந்து கிளம்பும் இரண்டு பாதைகளுக்கு எதிரெதிர் பலன் என்றால், பாதை பிரிக்கத் தெரியாத காந்தச் சுருளை வைத்துக்கொண்டு “மீள்திறனைப் பதிய வைக்கிறோம்” என்று எப்படி எழுத மனம் வருகிறது?

நோய்க்கான சிகிச்சையிலும் எண்களை நேராகச் சொல்லுங்கள். மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ. 2008-இல் டி.எம்.எஸ்.ஸுக்கு அனுமதி கொடுத்தது. 2010-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், உண்மையான தூண்டல் பெற்றவர்களில் 14 சதவீதத்தினர் நோய் நீங்கினார்கள். போலிச் சுருள் வைத்தவர்களில் 5 சதவீதம். (போலிச் சுருளும் சத்தம் போடும், நோயாளிக்கு வித்தியாசம் தெரியாது.) 2021-இல் ஸ்டான்ஃபோர்டின் தீவிர முறையில், ஒரு நாளைக்கு 10 தடவை வீதம் 5 நாள் கொடுத்தபோது நோய் நீங்கியவர்கள் உண்மையான தூண்டலில் 79 சதவீதம், போலியில் 13 சதவீதம். ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 29 பேர். ஒவ்வொருவருக்கும் மூளையை ஸ்கேன் செய்து தனித்தனியாக இடம் குறித்தார்கள். உங்கள் கையேட்டில் எந்த எண் அச்சாகியிருக்கிறது என்று சொல்லவே வேண்டாம். அங்கே கொடுக்கும் முறையை நீங்கள் கொடுக்கவில்லை என்பது மட்டும் அச்சாகவில்லை.

மண்டையைத் துளைத்து மின்முனை வைக்கும் ஆழ்மூளைத் தூண்டலின் கதையும் இப்படித்தான். 2005-இல் டொரொண்டோவில் ஹெலன் மேபெர்க் குழு 6 பேருக்குச் செய்ததில் 4 பேர் தேறினார்கள், உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு 90 பேரிடம் போலித் தூண்டலோடு ஒப்பிட்டபோது, ஆறு மாதத்தில் தேறியவர்கள் உண்மையான தூண்டலில் 20 சதவீதம், போலியில் 17 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே அர்த்தம். தொடர்ந்து தூண்டல் பெற்றவர்களில் பலர் இரண்டு ஆண்டுகளில் தேறியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன்.

இனி என் தம்பி விஷயம். வேலை போன பிறகு படுத்தவன் எழுந்திருக்கவில்லை. இட்லியா தோசையா என்று கேட்டால் “எதுன்னாலும் சரிக்கா” என்பான். அந்தச் ‘சரிக்கா’வைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பயம் வந்துவிட்டது. இரண்டு வகை மாத்திரைகள் சரிவராமல்போய் டி.எம்.எஸ்.ஸுக்கு எழுதிக் கொடுத்தார்கள். முதல் மையத்தில், தலையில் இறுக்கமான தொப்பி மாட்டிப் பேனாவால் குறி வைத்தார்கள். சுருளைத் தலையின் மேல் வைத்து ஒவ்வொரு தட்டாகக் கொடுத்து, வலது கட்டைவிரல் துடிக்கத் தொடங்கும் அளவைப் பிடித்தார்கள். அதை வைத்து அவனுக்கு எவ்வளவு வலு என்று கணக்குப் போட்டார்கள். பிறகு சுருளை முன்னால் நகர்த்தி, காதில் அடைப்பான் வைத்து, ஆரம்பித்தார்கள். மரங்கொத்தி கொத்துகிற மாதிரி சத்தம். ஒவ்வொரு தட்டுக்கும் இடது புருவம் தானாக இழுத்துக்கொண்டது. அவனிடம் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: “அசையாதீங்க.” வலித்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. எதையும் கேட்காமல் இருப்பதுதானே அவனுக்கு வந்திருந்த நோய்.

வீட்டுக்குப் பக்கத்தில் என்று பாதியில் வேறு மையத்துக்கு மாறினோம். கருவியும் முறையும் அதேதான். அங்கே இருந்த டெக்னீஷியன் பெண் முதல் நாளே சொன்னாள்: “சார், முடியலன்னா இந்தக் கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுவேன். மெதுவா ஏத்தணும்னாலும் சொல்லுங்க.” ஒரு தடவை அவளே கையைத் தூக்கச் சொல்லி, நிறுத்தியும் காட்டினாள். அதன் பிறகு அவன் ஒரு நாளும் கையைத் தூக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் முதல்முறையாக, “நாளைக்குக் காலைல போகலாமா, சாயங்காலம் போகலாமா?” என்று அவனாகக் கேட்டான்.

அதிலிருந்து அறிவியல் முடிவு எதுவும் எடுக்க முடியாது. மாத்திரை, காந்தம், நாள்பட்டதால் வந்த தேற்றம் எல்லாம் கலந்துதான் இருக்கும். ஆனால் தூக்கப்படாத அந்தக் கைக்கு ஒரு சோதனைச் சான்று உண்டு. அமெரிக்காவில் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் இருவரும் மனிதர்களை உட்கார வைத்துத் தாங்க முடியாத இரைச்சலைக் கேட்க வைத்தார்கள். தட்டச்சு இயந்திரம், நகல் எடுக்கும் இயந்திரம், ஸ்பானிய மொழியிலும் ஆர்மீனிய மொழியிலும் பேச்சு எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக. ஒரு பிரிவினரிடம் ஒரு பொத்தானைக் காட்டி, மிகவும் முடியாவிட்டால் அழுத்துங்கள், இரைச்சல் நின்றுவிடும், ஆனால் அழுத்தாமல் இருந்தால் நல்லது என்றார்கள். பெரும்பாலானோர் அழுத்தவே இல்லை. கேட்ட இரைச்சல் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் பொத்தான் இருந்தவர்கள், விடையே இல்லாத புதிர்களோடு பிறகு அதிக நேரம் மல்லுக்கட்டினார்கள். எழுத்துப்பிழை பார்க்கும் வேலையில் குறைவாகத் தவறு விட்டார்கள்.

ஆகவே என் முதல் கோரிக்கை, முக்கியமான கோரிக்கை இதுதான். ஒவ்வொரு சிகிச்சை நாற்காலியிலும் நோயாளியின் விரலுக்கு எட்டும் இடத்தில், கருவியை நிறுத்தும் ஒரு பொத்தானை வையுங்கள். கருவியோடு இணைக்க முடியாவிட்டால் டெக்னீஷியனுக்குக் கேட்கும் ஒரு அழைப்பு மணியாவது வையுங்கள். முதல் நாளே நோயாளியை அழுத்த வைத்து, அது வேலை செய்வதைக் காட்டுங்கள். எந்த நேரத்துக்கு வருவது, எவ்வளவு மெதுவாக வலுவைக் கூட்டுவது என்று விட்டுக்கொடுக்க முடிந்த எல்லாவற்றையும் அவரிடமே கேளுங்கள். கையறுநிலைக்கு மருந்து தருகிறோம் என்று எழுதிவிட்டு, ஜோடியில் என்ன செய்தாலும் பலனில்லாத நாயைப் போல ஆளை உட்கார வைப்பது உங்கள் அறிவியலுக்கே விரோதம். செலவும் அதிகமில்லை. கருவி வாங்கிய காசில் இது தூசு.

நாயை இழுத்த வாரையும் மறக்க வேண்டாம். தூண்டல் நடக்கும் வாரங்களில், நோயாளி தன் கையால் ஏதாவது ஒன்றைச் செய்து அது பலிப்பதைப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு உளவியலாளர் வேண்டும், வீட்டாருக்கு வழிகாட்டல் வேண்டும். பல மையங்களில் சுருள் இருக்கிறது, உளவியலாளரின் அறை பூட்டிக் கிடக்கிறது.

நோய் இல்லாதவர்களுக்கு விற்பதை நிறுத்துங்கள். என் வகுப்பு மாணவனின் அம்மா ஒருவர் கேட்டார்: “டீச்சர், இதைப் பண்ணினா பையன் டென்ஷன் இல்லாம நீட்டுக்குப் படிப்பானாமே?” 15 வயதிலிருந்து 21 வரை உள்ளவர்களுக்கும் டி.எம்.எஸ். கொடுக்கலாம் என்று எஃப்.டி.ஏ. 2024-இல் அனுமதித்தது உண்மை. அது மனச்சோர்வு நோய்க்கு, மற்ற சிகிச்சையோடு சேர்த்து. தேர்வுப் பதற்றத்துக்கு இல்லை. அந்தப் பையனுக்கு வாரா வாரம் தேர்வு, வாரா வாரம் சுவரில் தரவரிசைப் பட்டியல், எந்தப் பாடத்தை எப்போது படிப்பது என்பதில்கூட அவனுக்குச் சொல்லுரிமை இல்லை. அவனுக்கு ஒரு சக்கரம் கொடுக்க முடியுமா என்று பார்ப்பது எங்கள் வேலை, ஆசிரியர்கள், பெற்றோர், பயிற்சி மையக்காரர்கள் வேலை. அதிர்ச்சியை அப்படியே விட்டுவிட்டு அவன் மண்டையில் தட்டித் தாங்கச் செய்கிறோம் என்று நீங்கள் சொன்னால், எங்களுக்கு அந்த வேலையே மிச்சமாகிவிடும். நாங்கள் உங்களைக் கும்பிட்டுக் காசு கொடுப்போம். அதுதான் எனக்குப் பயம். மென்பொருள் நிறுவனங்களின் மனிதவளத் துறைகளுக்கும் இதே ஆசை வரும்.

நோயுள்ளவர்கள் பக்கம் வேலை மலையாகக் கிடக்கிறது. 2015-16-இல் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதத்தினருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், உடல்நோய்க்கு இருப்பதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. 2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட நவீன சிகிச்சைப் பட்டியலில் ஆழ்மூளைத் தூண்டல் இருந்தது, டி.எம்.எஸ். இருக்கவில்லை. வந்து போய் எடுக்கும் சிகிச்சை என்பதால் எங்கள் காப்பீட்டு நிறுவனம் ஒரு ரூபாய் தரவில்லை. உங்கள் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து ஆணையத்திடம் போனால் கேட்பார்கள். நாங்கள் போனால் டோக்கன் கொடுத்து உட்கார வைப்பார்கள்.

கடைசியாக, படிவம். அதே 2017 சட்டம், சிகிச்சையின் பலன், ஆபத்து, மாற்று வழிகள் எல்லாவற்றையும் நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்லித்தான் ஒப்புதல் வாங்க வேண்டும் என்கிறது. என் தம்பி கையெழுத்துப் போட்டது முழுக்க ஆங்கிலத்தில் இருந்த ஒரு தாள். தமிழில் ஒன்று நான் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு பக்கம்தான். வலிப்பு வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்றாலும் உண்டு என்பது, தலைக்குள் உலோகமோ, காது கேட்பதற்காக உள்ளே பொருத்திய காக்ளியர் கருவியோ இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும் என்பது, எத்தனை பேருக்குப் பலன் கிடைக்காது என்பது, பாதியில் நிறுத்த உரிமை உண்டு என்பது, பொத்தான் எங்கே இருக்கிறது என்பது எல்லாம் அதில் உண்டு. கேட்கும் மையத்துக்கு அனுப்பி வைக்கிறேன். மருத்துவர்கள் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள், பெயர் போட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் அக்கா,
உயிரியல் ஆசிரியை